ஜப்பானியத் தாய்க்கு விடுப்பு இருக்கிறது. மாலை ஆறு மணிதான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் குழந்தைப் பிறப்பு குறைந்துவருவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் எண்கள் சரியாகவே இருந்தன. 2024-ல் அங்கே பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் சுமார் 6,86,000. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.15 குழந்தை. பிறப்பு ஏழு லட்சத்துக்குக் கீழே போனது அதுவே முதல் முறை. காரணம் சொன்ன இடத்தில்தான் கட்டுரை சறுக்கிவிட்டது. பெண்கள் வேலைக்குக் கிளம்பினார்கள், குடும்பம் கவனிப்பாரற்றுப் போனது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், 'இரண்டு வயது வரை விடுப்பு, தந்தைக்கும் விடுப்பு, அந்த ஊர்ப் பெண்களுக்கு இன்னும் என்ன குறை?' என்று கேட்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இரு தரப்பும் பார்க்கத் தவறுவது ஒரு சாதாரண வேலை நாளின் மணிக்கணக்கை.

விடுப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம். அந்த நாட்களுக்கு மருத்துவக் காப்பீட்டிலிருந்து சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரும். அதன் பிறகு குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை வளர்ப்பு விடுப்பு. காப்பகத்தில் இடம் கிடைக்காவிட்டால் ஒன்றரை வயது வரைக்கும், அப்போதும் கிடைக்காவிட்டால் இரண்டு வயது வரைக்கும் நீட்டிக்கொள்ளலாம். முதல் 180 நாளுக்குச் சம்பளத்தில் 67 சதவீதம், பிறகு 50 சதவீதம். அந்தக் காலத்தில் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு இரண்டுக்கும் சந்தா பிடிக்க மாட்டார்கள் என்பதால் 67 என்பது வழக்கமாகக் கைக்கு வரும் பணத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் ஆகிவிடுகிறது. 2025 ஏப்ரலில் இருந்து, தாய் தந்தை இருவரும் தலா 14 நாளாவது விடுப்பு எடுத்தால் 28 நாள் வரை இன்னொரு 13 சதவீதம் சேர்த்துத் தருகிறார்கள். இந்தப் பணம் முதலாளியின் பையிலிருந்து வருவதில்லை. வேலைவாய்ப்புக் காப்பீட்டு நிதியிலிருந்து வருகிறது. நம் நாட்டில் ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே உள்ள பெண்ணுக்கு 26 வாரச் சம்பளத்தையும் நிறுவனமே கொடுக்க வேண்டும். அதனாலேயே, கல்யாணமான இளம்பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள் என்ற புகார் ஓயாமல் வருகிறது. இந்த ஒரு விஷயத்தில் ஜப்பானியர் நம்மைவிடப் புத்திசாலிகள். 2021-ல் யுனிசெஃப் பணக்கார நாடுகளை வரிசைப்படுத்தியபோது பெற்றோர் விடுப்பில் ஜப்பானுக்குத்தான் முதலிடம்.

விடுப்பு பலன் தராமலும் இல்லை. முதல் குழந்தைக்கு முன்பு வேலையில் இருந்த பெண்களில், பிரசவத்துக்குப் பிறகும் வேலையைத் தொடர்ந்தவர்கள் பல பத்தாண்டுகளாக 40 சதவீதத்தை ஒட்டியே நின்றார்கள். 2015 முதல் 2019 வரை முதல் குழந்தை பெற்றவர்களில் அது 69.5 சதவீதம். உள்ளே பிரித்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும்: நிரந்தர ஊழியர்களில் 83 சதவீதம் தொடர்ந்தார்கள், பகுதிநேர, தற்காலிக வேலைப் பெண்களில் 40 சதவீதம்தான். வேலை பார்க்கும் ஜப்பானியப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த இரண்டாவது வகை.

சிக்கல் விடுப்பு முடிகிற ஏப்ரலில் வரும். ஜப்பானில் பள்ளியானாலும் அலுவலகமானாலும் ஆண்டு ஏப்ரலில்தான் பிறக்கிறது. சிறு குழந்தைகளுக்கு இரண்டு வகை இடம் உண்டு. 'யோச்சிஎன்' நம் எல்.கே.ஜி. மாதிரி, மூன்று வயதுக்கு மேல், மதியம் இரண்டு மணி வாக்கில் முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது உதவாது. அவர்களுக்கு 'ஹோய்குஎன்' என்கிற காப்பகம். இரு பெற்றோரும் முழுநேரம் வேலை பார்த்தால் நாளுக்கு 11 மணி நேரம் வரை குழந்தையை விடலாம். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தில் நேரே போய்ப் பெயர் கொடுத்துச் சேர்க்க முடியாது. நகராட்சிதான் இடம் ஒதுக்கும், அதுவும் மதிப்பெண் போட்டு. வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை பார்ப்பவருக்குப் பல ஊர்களில் 20 புள்ளி. இருவருக்கும் சேர்த்து 40. அக்காவோ அண்ணனோ அதே காப்பகத்தில் இருந்தால் கூடும், அங்கீகாரமில்லாத காப்பகத்தில் பணம் கட்டி ஏற்கெனவே விட்டிருந்தால் கூடும், பார்த்துக்கொள்ளத் தாத்தா பாட்டி பக்கத்திலேயே இருந்தால் சில ஊர்களில் குறையும். வேலை நேரத்தை நிறுவனம் எழுதித் தரும் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. விண்ணப்பம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், முடிவு ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ. இந்த அலைச்சலுக்கே 'ஹொகாட்சு' என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதில் குழந்தை பிறந்த மாதமும் விளையாடும். பிரசவத்துக்குப் பின் எட்டு வாரம் தாய்க்குக் கட்டாய ஓய்வு என்ற கணக்கில், பல காப்பகங்கள் பிறந்து 57 நாள் ஆன குழந்தையைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே பிப்ரவரி முதல் வாரத்துக்குப் பிறகு பிறந்த குழந்தை அந்த ஏப்ரலில் சேர முடியாது. சரி, அடுத்த ஏப்ரலில் ஒரு வயது வகுப்பில் சேர்க்கலாமே என்றால், அங்கே இடமே கொஞ்சம்தான். கைக்குழந்தை வகுப்பில் ஒன்பது பேர், ஒரு வயது வகுப்பில் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருந்த ஒன்பது பேரும் அப்படியே மேலே வந்துவிடுவார்கள். வெளியாருக்கு மூன்றே இடம். இந்தக் கணக்குத் தெரிந்த தாய், சட்டம் ஒரு வருடம் கொடுத்தும், ஆறேழு மாதக் குழந்தையை ஏப்ரலில் விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிடுவாள். 2016 பிப்ரவரியில், காப்பகத்தில் இடம் கிடைக்காத ஒரு தாய் பெயர் போடாமல் இணையத்தில் கொட்டிய கோபம் நாடாளுமன்றம் வரை போனது. 2017 ஏப்ரலில் இடமில்லாமல் காத்திருந்த குழந்தைகள் 26,081. 2024 ஏப்ரலில் 2,567. காப்பகங்களைக் கட்டித் தள்ளினார்கள், உண்மைதான். குழந்தைகளும் குறைந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இன்னும் கொஞ்ச நாள் குழந்தையோடு இருக்கலாம் என்று நினைக்கும் பெண்ணுக்கு இப்போது வேண்டியது 'இடம் இல்லை' என்ற கடிதம். அது இருந்தால்தான் விடுப்பு நீளும், பணமும் வரும். கிடைக்கவே கிடைக்காத காப்பகமாகப் பார்த்து ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்து, மறுப்புக் கடிதத்தை வாங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. 2025 ஏப்ரலில் இருந்து விண்ணப்பத்தின் நகலையும் கேட்கிறார்கள். தகுந்த காரணம் இல்லாமல் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் பயணம் ஆகும் காப்பகத்தைக் கேட்டிருந்தால் நீட்டிப்பு இல்லை. ஒரு வருடமா ஒன்றரை வருடமா என்று தாயையே கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

இடம் கிடைத்த பிறகு முதல் இரண்டு வாரம் பழக்கும் காலம். முதல் நாள் ஒரு மணி நேரம், சில நாள் கழித்து மதியச் சாப்பாடு வரை, பிறகு தூங்கி எழும் வரை. இதற்கு வீட்டில் யாராவது விடுமுறையில் இருந்தாக வேண்டும். ஏப்ரல் 1 அன்று இடம் கிடைத்தது, ஏப்ரல் 1 அன்றே வேலையில் சேர்கிறேன் என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் வருடா வருடம் உண்டு.

அடுத்தது காய்ச்சல். 37.5 டிகிரி என்பது ஜப்பானியத் தாய்க்கு மனப்பாடமான எண். அதைத் தாண்டினால் காப்பகத்திலிருந்து தொலைபேசி வரும், குழந்தையை அழைத்துப்போக வேண்டும். படிவத்தில் அப்பா எண்ணும் இருக்கும். மணி அடிப்பது பெரும்பாலும் அம்மா கைப்பேசியில். காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் போன பிறகு வரச் சொல்லும் காப்பகங்கள் பல. இன்ஃப்ளூயன்சா என்றால் நோய் தொடங்கி ஐந்து நாளும், பள்ளி வயது ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு மூன்று நாளும் கழிய வேண்டும். புதிதாகச் சேர்ந்த குழந்தை முதல் சில மாதம் மாற்றி மாற்றிச் சளி, காய்ச்சல் என்று படுக்கும். குழந்தையைக் கவனிக்கச் சட்டம் தரும் தனி விடுமுறை வருடத்துக்கு 5 நாள். இரண்டு குழந்தைக்கு 10 நாள். அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஒரே ஒரு இன்ஃப்ளூயன்சாவில் அந்த ஐந்து நாளும் போய்விடும். பிறகு சொந்த விடுமுறையில் கை வைக்க வேண்டியதுதான். கோடைக்குள்ளேயே அதையும் தீர்த்துவிட்டு, தனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு அலுவலகம் வருபவள் தாய். நோயுற்ற குழந்தைகளுக்கென்றே தனிக் காப்பகங்கள் உண்டு. ஆனால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், டாக்டரிடம் காட்டி எழுதி வாங்க வேண்டும், அன்று இடமும் இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு உடம்பு சுடுவதைப் பார்த்துவிட்டு ஒன்பது மணிக் கூட்டத்துக்குப் போக அது கைகொடுக்காது.

திங்கட்கிழமைப் பையைப் பார்த்தால் மீதி புரியும். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து துவைத்த படுக்கை விரிப்பு, மாற்றுடை இரண்டு மூன்று செட், கழுத்துத் துணி, கைத்துண்டு, அன்றைக்கு வேண்டிய டயப்பர்கள். ஒவ்வொரு டயப்பரிலும் குழந்தையின் பெயர் எழுதியிருக்க வேண்டும். அதற்கென்றே முத்திரை விற்கிறார்கள். அழுக்கான டயப்பரைப் பையில் கட்டிப் பெற்றோரிடமே திருப்பிக் கொடுத்துவிடும் காப்பகங்கள் ஏராளம் இருந்தன. அங்கேயே அப்புறப்படுத்துங்கள் என்று மத்திய அரசு பரிந்துரைத்தது 2023 ஜனவரியில்தான். இவற்றோடு ஒரு குறிப்பேடு: காலை வெப்பநிலை, நேற்று இரவு சாப்பிட்டது, தூங்கிய நேரம், மலம் போனதா, போனால் எப்படி இருந்தது. ரயிலைப் பிடிக்கும் முன் இதை நிரப்ப வேண்டும். குறிப்பேட்டை நிரப்புவதற்கும் டயப்பரில் பெயர் எழுதுவதற்கும் எந்தப் புள்ளிவிவரத்திலும் தனி வரி கிடையாது. ஜப்பானியர் 'பெயரில்லாத வீட்டுவேலை' என்று சொல்வது இதைத்தான்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். காப்பகம் காலை 7.30-க்குத் திறந்தால் 11 மணி நேரம் மாலை 6.30-க்கு முடியும். கூடுதல் கட்டணம் கட்டினால் 7.30 வரை நீளலாம். அலுவலகம் ஒன்பதிலிருந்து ஆறு, பயணம் ஒரு மணி நேரம். ஆறு மணி அடித்ததும் எழுந்தால் ஏழுக்குக் காப்பக வாசல். ரயில் தாமதமானால் நிலையத்தில் தாமதச் சான்றுச்சீட்டு கொடுப்பார்கள். அலுவலகம் அதை ஏற்கும், பூட்டும் நேரம் ஏற்காது. ஏழேகாலுக்கு வீடு, ஏழரைக்குச் சாப்பாடு, எட்டரைக்குக் குளியல், ஒன்பதரைக்குள் குழந்தை தூங்க வேண்டும், அதன் பின் துணி. ஆறு மணிக்கு எழுந்துவிட முடிகிற அலுவலகத்தில்தான் இந்தக் கணக்கும் சரிவரும். மாதம் 45 மணி நேரம், வருடம் 360 மணி நேரம் என்று மிகைநேரத்துக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்தது 2019 ஏப்ரலில் பெரிய நிறுவனங்களுக்கு, ஒரு வருடம் கழித்துச் சிறியவற்றுக்கு. 45 மணி நேரம் என்றால் நாளுக்கு இரண்டு மணி நேரம் கூடுதல். இரவு எட்டு மணி. சட்டப்படி நடக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தாலும், அதற்குள் காப்பகம் மூடிவிடும்.

இதற்குச் சட்டம் தரும் தீர்வு 'ஜிதான்': குழந்தைக்கு மூன்று வயது ஆகும் வரை நாளுக்கு ஆறு மணி நேர வேலை. ஒன்பதிலிருந்து நாலு. சம்பளம் கால்வாசி குறையும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் 2025 ஏப்ரல் முதல் அந்தச் சம்பளத்தில் 10 சதவீதம் வரை அரசு ஈடு செய்கிறது. ஆண்களும் கேட்கலாம், கேட்பது பெண்கள்தான். எட்டு மணி நேர வேலையை ஆறில் முடிக்கச் சொல்லும் அலுவலகம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நல்ல மனதோடு, 'உனக்குச் சிரமம் வேண்டாம்' என்று பெரிய வாடிக்கையாளரையும் வெளியூர்ப் பயணத்தையும் எடுத்துவிட்டுக் கோப்பு அடுக்கும் வேலையைக் கொடுக்கும் அலுவலகம். இந்த இரண்டாவதுக்கு 'மம்மி டிராக்' என்று பெயர். அதில் ஏறியவர் மூன்று வருடம் கழித்து இறங்க நினைத்தால், உடன் சேர்ந்த ஆண்கள் இரண்டு படி மேலே இருப்பார்கள். 2020-க்குள் தலைமைப் பதவிகளில் 30 சதவீதம் பெண்கள் என்று 2003-லேயே அரசு இலக்கு வைத்தது. அந்த வருடம் வந்தும் போய்விட்டது. நிறுவன நிர்வாகப் பதவிகளில் இன்றைக்கும் எட்டில் ஒருவர் அளவில்தான் பெண்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று, வீட்டில் இருப்பவளுக்குப் பரிசு கொடுக்கும் ஓய்வூதிய ஏற்பாடு. 1986 ஏப்ரலில் ஜப்பானில் இரண்டு சட்டங்கள் ஒரே நேரத்தில் நடைமுறைக்கு வந்தன. ஒன்று, ஆண் பெண் சம வேலைவாய்ப்புச் சட்டம். மற்றொன்று, சம்பளக்காரரின் மனைவி வருடத்துக்குக் குறிப்பிட்ட தொகைக்குள் சம்பாதித்தால் ஒரு யென் சந்தா கட்டாமலே அடிப்படை ஓய்வூதியம் பெறலாம் என்ற 'மூன்றாம் எண் காப்பீட்டாளர்' திட்டம். வா என்று ஒரு கை, உட்கார் என்று ஒரு கை. அந்த வரம்பு 1993-லிருந்து 13 லட்சம் யென்னிலேயே நிற்கிறது. சிறிய கடை ஒன்றில் பகுதிநேரம் வேலை பார்க்கும் பெண் 12,90,000 சம்பாதித்தால் ஓய்வூதியம், மருத்துவம் இரண்டும் கணவர் கணக்கிலேயே ஓடும். 13,10,000 ஆகிவிட்டால் தேசிய ஓய்வூதியச் சந்தா மட்டும் 2025 நிதியாண்டுக் கணக்கில் மாதம் 17,510, வருடத்துக்கு 2,10,120 யென். அதற்கு மேல் மருத்துவக் காப்பீட்டுச் சந்தா. கையில் நிற்பது 11 லட்சத்துக்கும் கீழே. இவ்வளவு கட்டியும் முதுமையில் வரும் அடிப்படை ஓய்வூதியம் கட்டாதவளுக்கு வரும் அதே தொகை. மனைவிக்காகக் கணவர் அலுவலகம் தரும் குடும்பப் படியும் சில இடங்களில் அந்தக் கோட்டோடு நின்றுவிடும். எந்தக் குடும்பமும் காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டு வேலையைக் குறைத்துக்கொள்ளத்தான் செய்யும். அதைச் சோம்பல் என்றோ கலாச்சாரம் என்றோ சொல்வது அநியாயம்.

51 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில், 2025 நிலவரப்படி, கோடு இன்னும் கீழே: வாரம் 20 மணி நேரம், மாதம் 88,000 யென், அதாவது வருடம் சுமார் 10 லட்சத்து 60 ஆயிரம். இங்கே நிறுவனமும் பாதி கட்டும், பின்னால் ஓய்வூதியமும் கூடும், ஆகவே நட்டம் அவ்வளவு இல்லை. ஆனாலும் மாதம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பிடித்தம் இன்றைக்குத் தெரிகிறது, ஓய்வூதியம் இருபது வருடம் தள்ளித் தெரிகிறது.

குறைந்தபட்சக் கூலி உயர்ந்தால் இந்தப் பெண்களுக்கு வேலை நேரம் குறையும் என்பது வெளியாருக்குப் புரிய நேரமாகும். டோக்கியோவில் 2012-ல் மணிக்கு 850 யென். 13 லட்சத்துக்குள் நிற்க வாரம் 29 மணி நேரம் வேலை பார்க்க முடிந்தது. 2025 அக்டோபரில் கூலி 1,226 ஆனது. அதே கோட்டுக்குள் நிற்க வாரம் 20 மணி நேரம்தான். கூலி உயர்வது அக்டோபரில், வருடக் கணக்கு முடிவது டிசம்பரில். சூப்பர் மார்க்கெட்டுகளில் வருடக் கடைசி வியாபாரம் உச்சத்தில் இருக்கும்போது ஷிஃப்ட் பட்டியலில் பெயர்கள் உதிர ஆரம்பிக்கும். ஆள் வேண்டும் என்று கடைக்காரர் கெஞ்சுவார், வரம்பு தாண்டிவிடும் என்று இவர் மறுப்பார். வருமான வரி தொடங்கும் கோட்டை 2025-ல் 10 லட்சத்து 30 ஆயிரத்திலிருந்து 16 லட்சத்துக்கு உயர்த்தினார்கள், நல்லது. ஆனால் கடிக்கிற கோடு சந்தாக் கோடு. 88,000 யென் நிபந்தனையை நீக்கவும் நிறுவன அளவு நிபந்தனையைப் படிப்படியாக எடுக்கவும் 2025 ஜூனில் சட்டம் வந்துவிட்டது. சிறிய நிறுவனங்கள் முழுதும் உள்ளே வர 2035 ஆகும். அப்போதும் வாரம் 20 மணி நேரம் என்ற கோடு நிற்கும். மக்கள் அதற்குச் சற்றுக் கீழே நிற்கப் பழகிக்கொள்வார்கள்.

கணவர் எங்கே என்று கேட்பீர்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில், 2021 அரசு ஆய்வுப்படி, வீட்டுவேலைக்கும் குழந்தைக்கும் சேர்த்து நாளுக்குக் கணவர் 1 மணி 54 நிமிடம், மனைவி 7 மணி 28 நிமிடம். ஐந்து வருடம் முன்பு கணவர் 1 மணி 23 நிமிடம். அரை மணி நேரம் ஏறியிருக்கிறது. மனைவியின் நேரத்தில் குறைந்ததோ ஆறே நிமிடம். ஒருவரே எல்லாவற்றையும் சமாளிப்பதற்கு, இரவு நேரச் சாப்பாட்டுக் கடையில் ஒற்றை ஆளாக நிற்கும் ஊழியரைக் குறிக்கும் 'வான்-ஓப்பே' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள், பொருத்தமான சொல். விடுப்பு எடுக்கும் ஆண்கள் 2022-ல் 17 சதவீதம், 2024-ல் 40.5 சதவீதம். வேகம்தான். ஆனால் 2023 கணக்கில் விடுப்பு முடிந்து திரும்பிய ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இரண்டு வாரத்துக்குள் திரும்பியவர்கள். இரண்டு வாரத்தில் பால் புட்டி கழுவக் கற்கலாம். பத்து மாதம் கழித்து 37.5 டிகிரித் தொலைபேசிக்கு யார் போவது என்பது அதில் மாறாது. 2025 அக்டோபரில் நாட்டின் முதல் பெண் பிரதமரான சனே தகாய்ச்சி, கட்சித் தலைவரான அன்றே, வேலை–வாழ்க்கைச் சமநிலை என்ற சொல்லைத் தான் தூக்கி எறிவதாக அறிவித்தார். தன்னைப் பற்றித்தான் சொன்னார். தொலைக்காட்சி பார்த்த மேலாளர்கள் எல்லோரும் அப்படி எடுத்துக்கொண்டிருப்பார்களா?

காப்பகத்தோடு முடிவதில்லை. ஆறு வயதில் 'முதல் வகுப்புச் சுவர்' வரும். காப்பகம் காலை ஏழு, ஏழரைக்குத் திறந்தது. பள்ளி வாசல் திறப்பது எட்டு மணி வாக்கில். அம்மா ஏழரைக்குக் கிளம்பினால் ஆறு வயதுப் பிள்ளை பூட்டிய வாசலில் நிற்கும். மதியம் இரண்டரைக்குப் பள்ளி விட்டதும் 'கக்குதோ' என்ற மாலைக் காப்பகம். அதிலும் இடமில்லாமல் காத்திருப்பவர்கள் 2024-ல் பதினேழாயிரத்துக்கு மேல். கோடை விடுமுறை நாற்பது நாளும் தினமும் சாப்பாட்டு டப்பா கட்ட வேண்டும். சட்டம் தரும் ஆறு மணி நேர வேலை மூன்று வயதோடு முடிந்துவிட்டது. அதனால்தான் பல தாய்மார்கள் கைக்குழந்தைக் காலத்தைத் தாண்டிவிட்டு, பிள்ளை பள்ளியில் சேரும்போது வேலையை விடுகிறார்கள். ஒசாகாவை ஒட்டிய தோயோனாக்கா நகரம் 2024 ஏப்ரலில் இருந்து காலை ஏழு மணிக்கே பள்ளி வாசலைத் திறந்துவிடுகிறது. வாசலைத் திறந்து பார்த்துக்கொள்ள ஆள் போடுவது, புதிய காப்பகம் கட்டுவதைவிட எவ்வளவோ மலிவு.

தாய்க்கென்று ஒவ்வொரு சலுகையாகச் சேர்ப்பதைவிட, எல்லோருக்கும் மாலையைத் திருப்பிக் கொடுத்த இடங்களில்தான் பலன் தெரிகிறது. இத்தோச்சு வணிக நிறுவனம் 2013 அக்டோபரில் இரவு எட்டு மணிக்கு மேல் வேலையைப் பொதுவாகத் தடுத்தது, பத்து மணிக்கு மேல் முழுத் தடை. வேலை மிஞ்சினால் விடிகாலை ஐந்து மணியிலிருந்து எட்டுக்குள் வந்து முடிக்கலாம். அதற்கு இரவு வேலைக்குரிய கூடுதல் கூலி, இலவசக் காலைச் சிற்றுண்டி. அந்த நிறுவனப் பெண் ஊழியர்களிடையே கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை எண்ணிக்கை, 2021 நிதியாண்டில் 1.97 என்று நிறுவனம் வெளியிட்டது. பெரிய சம்பளம் தரும் நிறுவனம் என்பதால் இதை அப்படியே நாடு முழுதும் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனாலும் ஆணும் எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. விடுப்பில் போகிறவரின் வேலையைச் சுமக்கும் சக ஊழியர்களின் எரிச்சலும் சின்ன விஷயமில்லை. 'பிள்ளை பெற்ற மகாராணி' என்ற தொனியில் இணையத்தில் ஒரு வசைச்சொல்லே உலவுகிறது. மிட்சுயி சுமிட்டோமோ இன்சூரன்ஸ் 2023-ல் இருந்து, ஒருவர் வளர்ப்பு விடுப்பில் போனால் அவருடைய குழுவில் மிச்சம் இருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் யென் வரை கொடுக்கிறது. வாழ்த்துச் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

  

டோக்கியோவில் இந்தியர் அதிகம் வாழும் நிஷி-கசாய் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பெருகிவருவதால் கடைசியாக ஒன்று. கணவரின் விசாவோடு வருகிறவருக்குக் கிடைப்பது குடும்பத் தங்கல் அனுமதி. தனி அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அந்த 28 மணி நேரத்துக்குக் காப்பகப் புள்ளி முழுநேரத்தைவிடக் குறைவு. முழுநேர வேலை கிடைத்தால் விசாவை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் குழந்தையை எங்காவது விட்டால்தான் நேர்காணலுக்கே போக முடியும். வேலை தேடுகிறேன் என்ற காரணத்தைக் காட்டிக் காப்பகம் கேட்கலாம். புள்ளி அதற்கும் குறைவு, அந்த அனுமதி 90 நாள் அளவுக்குத்தான். நவம்பரில் சென்னையிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள், வீடு பார்க்கும் முன்பே அந்த வட்டார நகராட்சியின் ஏப்ரல் விண்ணப்பம் எந்தத் தேதியில் முடிகிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
எடோகவா, டோக்கியோ.